சிரசாசனத்துக்காக நிறுத்திய மாத்திரை

கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், பந்தி நடக்கும் கூடத்தில், செண்பகவல்லி யோகா சொல்லிக்கொடுத்தார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் வகுப்பு. காலை ஆறு மணிக்குப் பதினோரு பேர் வருவார்கள். அவர்களில் மூத்தவர் அய்யாத்துரை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். டீச்சரைவிட இருபது வயது பெரியவர்.

அன்று அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், இன்னைக்குச் சிரசாசனம் சொல்லிக் கொடுங்க."

"பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க தலைகீழா நிக்கக் கூடாதுன்னு போன மாசமே சொன்னேனே அண்ணாச்சி."

"அதான் மாத்திரைய நிறுத்திட்டேன். இன்னையோட ஒன்பது நாளாச்சு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். செண்பகவல்லி சிரிக்கவில்லை.

"டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?"

"அவர்கிட்ட எங்க போனேன்? கையில அந்தப் பிரஷர் பாக்குற பட்டையைச் சுத்துனாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். போன தடவை பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்."

"தலைகீழா நின்னு என்ன செய்யப் போறீங்க?"

அய்யாத்துரை தன் பாயைப் பார்த்தார்.

"வீட்டுல ஒரு தண்ணிக் குடத்தைத் தூக்க விடமாட்டேங்காங்க டீச்சர். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ஒரு தடவை நின்னு காட்டிட்டா, அப்புறம் யாரும் என்னைச் சீக்காளியாப் பார்க்க மாட்டாங்க."

செண்பகவல்லி பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். வகுப்பு நாட்களில் அதைப் பின்பக்கம், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று விழுங்குவார். இன்று கூடத்தின் நடுவில் நின்று விழுங்கினார்.

அந்த அட்டையை அய்யாத்துரை அடையாளம் கண்டுகொண்டார்.

"இது என் மாத்திரைல்லா?"

"என்னோடதும்தான். ஆறு வருஷமா."

சுவரில் டீச்சரே அச்சடித்து மாட்டிய பேனர் இருந்தது. 'மருந்தில்லா வாழ்வுக்கு யோகா.' இரண்டு பெண்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். "டீச்சருக்கே பிரஷராம்" என்று ஒருத்தி படியில் சொன்னது மேலே கேட்டது.

செண்பகவல்லி ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, பேனரைக் கழற்றினார்.

"மத்தவங்க சவாசனத்துல படுங்க. அண்ணாச்சி, நீங்க என்கூட வாங்க."

கிளினிக் அடுத்த தெருவில் இருந்தது. இருவரும் நடந்தார்கள்.

"மாத்திரையும் சாப்பிட்டு யோகாவும் எதுக்கு டீச்சர்?"

"முன்னெல்லாம் அந்த மாடிப்படி ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவை நிப்பேன். தூக்கம் வராது. யார் என்ன பேசினாலும் கோவம் வரும். இப்ப அதெல்லாம் குறைஞ்சிருக்கு. மூணு மாத்திரை ஒண்ணாச்சு. குறைச்சது டாக்டர். நான் இல்ல."

"மிச்சம் ஒண்ணு?"

"அது இருக்கும்போலத் தெரியுது."

கிளினிக்கில் நர்ஸ் பட்டையை எடுத்ததும் அய்யாத்துரை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தார். கண் வாசலுக்குப் போனது.

"நாம தினமும் விடுற மூச்சுதான் அண்ணாச்சி," என்றார் செண்பகவல்லி. "மெதுவா உள்ள. அதைவிட மெதுவா வெளிய."

அய்யாத்துரை கண்ணை மூடினார். விளிம்பைப் பிடித்த கை தளர்ந்தது. அந்தக் கையை நீட்டினார். பட்டை இறுகியது. பிறகு தளர்ந்தது.

"நூத்தி எழுபத்தெட்டு," என்றார் நர்ஸ். "கொஞ்சம் இருங்க. டாக்டர் வந்து பார்க்கட்டும்."

நர்ஸ் உள்ளே போனார். அய்யாத்துரை கருவியில் தெரிந்த அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாள் செஞ்சதுக்கு ஒரு பலனும் இல்லையா டீச்சர்?"

"இந்தத் தடவை பட்டையைச் சுத்தி, பார்த்தும் முடிச்சாச்சு. நீங்க இன்னும் எந்திரிக்கலையே அண்ணாச்சி."