நாற்பத்துமூன்றாவது வளை

"நரியைக் கொன்ன பிறகும் ஆட்டுக்குட்டி போகுதே தாயி, அது ஏன்?"

சோணமுத்து கேட்டான்.

அரியநாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. கண்மாய்க் கரையில் குந்தி உட்கார்ந்து, களிமண்ணை உருட்டி ஒரு நண்டு வளைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. அந்தக் கூடையை இங்கிட்டு நகத்து."

நகர்த்தினான்.

அவள் அந்தக் கண்மாயின் மடைக்காரி. மடையைத் திறப்பது, அடைப்பது, கரையைக் காப்பது அவள் வேலை. புருஷன் பார்த்த வேலை. அவன் செத்த பிறகு ஊர் அதை இவளிடம் விட்டது. யாருக்கும் உபதேசம் செய்தவள் இல்லை. சோணமுத்துதான் அவளைக் குரு என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அவள் அவனைச் சீடனாகச் சேர்க்கவில்லை. அவனாகச் சேர்ந்துகொண்டான். மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் போகச் சொல்லவில்லை; அதுவே பெரிது என்று இருந்தான்.

அவளைவிட அவனுக்குப் பத்து வயது கூட. தொழில் கிடை போடுவது. அறுவடையான வயலில் ராத்திரி ஆடுகளை மடக்கிப் படுக்கப்போட வேண்டும். வயலுக்கு எரு, ஆட்டுக்காரனுக்கு நெல். கிடைக்குத் தலைவனைக் கீதாரி என்பார்கள். சோணமுத்து கீதாரி.

தை பிறந்தால் இருநூறு ஆட்டோடு இந்தக் கண்மாய்க்கு வந்துவிடுவான். பாதி ஆடு அவனுடையது. பாதி மச்சினன் தவசியுடையது.

மூன்று வருஷமும் ஒரு வம்பும் இல்லை. இந்த வருஷம்தான் கேடு.

தை அமாவாசைக்கு முதல் நாள், கிடைப் பக்கம் ஓர் ஆண் நரி நடமாடுவதைப் பார்த்தான். குட்டி எதுவும் போயிருக்கவில்லை. போய்விடுமே என்று கண்ணி வைத்தான். விழுந்தது. அடித்துக் கொன்றான்.

கடலைக் காட்டில் செத்த காக்கையைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். மற்ற காக்கை அண்டாது. அதே மாதிரி நரியையும் கிடை ஓரத்துப் பனையில் கட்டித் தொங்கவிட்டான். நல்ல யோசனை என்று தவசிகூடச் சொன்னான். தவசி அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நாற்பது நாளில் ஏழு குட்டி போய்விட்டது.

"இன்னும் ஒரு குட்டி போச்சுன்னா, என் ஆட்டைப் பிரிச்சுக்கிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருவேன் மச்சான்" என்றுவிட்டான் தவசி.

மீதி நூறு ஆட்டை வைத்துக்கொண்டு நின்றால், கிடை போட வா என்று ஒருத்தன் கூப்பிட மாட்டான். இருபது வருஷத்துக் கிடை. ஒரு குட்டியில் நிற்கிறது.

"பொட்டை நரி இன்னும் இருக்கு தாயி" என்றான் சோணமுத்து. "உன் கரையிலதான். அந்தப் பழைய மடைக்குள்ள குட்டி போட்டிருக்கு."

"தெரியும்."

பழைய மடை அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நூறு எட்டுத் தூரம். கல் கட்டிய வாய். பின்பக்கம் எப்போதோ தூர்ந்துவிட்டது. உள்ளே போக, வெளியே வர ஒரே வாசல்.

"உத்தரவு குடு. வாயை அடைச்சுடுறேன். தாயும் குட்டியும் உள்ளேயே முடிஞ்சிரும்."

அரியநாச்சி கையிலிருந்த மூங்கில் குச்சியை அடுத்த வளைக்குள் விட்டு ஆழம் பார்த்தாள். முழங்கை அளவு போனது. குச்சியை உருவித் துடைத்தாள்.

"இதை அடை" என்று களிமண்ணை அவன் கையில் வைத்தாள்.

"நான் கேட்டது..."

"அடை."

அடைத்தான்.

அடுத்தது. அதற்கடுத்தது. உச்சி வெயில் ஏறியது. முதுகு விண்விண் என்றது.

"என்ன தாயி இத்தனை வளை? கரையா, சல்லடையா?"

"சல்லடைதான். அந்தப் பக்கம் வயல்ல தண்ணி கசியுது, பாக்கலையா?"

பார்த்திருந்தான். கிடையின் மேற்கு ஓரம் நாலு நாளாகச் சொதசொதவென்று கிடந்தது. ஆடு படுக்க மாட்டேன் என்கிறது.

"போன வருஷம் எத்தனை அடைச்சே?" என்று கேட்டான்.

"அஞ்சோ ஆறோ."

"இந்த வருஷம் மழை கூடவா?"

"இல்ல. குறைச்சல்."

"பின்னே நண்டு எப்படிப் பெருத்துச்சு?"

அவள் குச்சியை அடுத்த வளைக்குள் விட்டாள்.

சோணமுத்துவுக்குக் கோபம் வந்தது. "நான் நரியைக் கேட்டேன். நீ நண்டைக் காட்டுறே."

"நான் எதையும் காட்டலை. கைக்கு ஆள் இல்லை. நீ வந்தே. வேலை குடுத்தேன்."

இப்படிப்பட்ட குரு.

வெயில் சாயும் நேரம் அவள் கரையின் மறுகோடிக்குப் போனாள். சோணமுத்து தனியாக நின்றான். கூடையில் களிமண் மிச்சம் இருந்தது.

பழைய மடை பக்கத்தில்தான் இருந்தது.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று நினைத்தான். சரி என்றும் சொல்லவில்லை. அதை நினைக்கவில்லை.

ஒரு பெரிய கல்லைப் புரட்டிக்கொண்டுபோய் மடை வாயில் வைத்தான். சந்தில் எல்லாம் களிமண்ணை அடித்துத் திணித்தான். திணிக்கும்போது உள்ளே ஏதோ முனகியது. நாய்க்குட்டி முனகுகிற மாதிரி. ஒரு நொடி கை நின்றது.

ஏழு குட்டியை நினைத்துக்கொண்டான். கடைசிக் கை மண்ணையும் அப்பினான்.

அரியநாச்சி திரும்பி வந்தாள்.

"எத்தனை அடைச்சே?"

"நாப்பத்திமூணு" என்றான். நண்டு வளை நாற்பத்திரண்டுதான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது; நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் கரையை ஒரு பார்வை பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

"ம். போயிட்டு வா, கீதாரி."

அன்றைக்கு அவன் நன்றாகத் தூங்கினான். நாற்பது நாளில் முதல் தூக்கம்.

விடிந்ததும் தவசி எழுப்பினான்.

"எட்டாவதும் போச்சு மச்சான்."

சோணமுத்து எழுந்து உட்கார்ந்தான். "போக முடியாதே."

"என்ன முடியாதே? போயிருக்கு. செவலை ஆட்டுக் குட்டி. தாய் கத்துறது கேக்கலையா?"

கேட்டது.

"அது வெளிய வர முடியாதேடா."

"எது?"

சோணமுத்து வாயை மூடிக்கொண்டான்.

தவசி தன் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கினான். அலுமினியச் சட்டி, போர்வை, அரிவாள். ஒவ்வொன்றாக, சத்தம் கேட்கும்படி எடுத்து வைத்தான். போகிறவன் சத்தமில்லாமல் போவான். தடுக்கச் சொல்கிறவன்தான் சட்டியை உருட்டுவான். சோணமுத்து தடுக்கவில்லை. அவன் நினைப்பு வேறு எங்கேயோ இருந்தது.

வரப்பில் அரியநாச்சி வந்துகொண்டிருந்தாள். கையில் மூங்கில் குச்சி.

"வாங்கக்கா" என்றான் தவசி. "நரிக்கு ஜாதகம் பாக்க வந்தீகளா? உங்க சீடப்பிள்ளை பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்காரு. அவருக்கும் சேத்துப் பாருங்க."

அவள் நேரே பனைமரத்துக்குப் போனாள்.

நரி காய்ந்து விறைத்துத் தொங்கியது. அவள் அதன் இடது முன்னங்காலைப் பிடித்துப் பார்த்தாள். வெளி விரல் ஒன்று இல்லை. பழைய காயம், ஆறிப்போனது.

மேற்கு ஓரத்துச் சேற்றிலிருந்து ஒரு பிடி எடுத்துவந்து, உள்ளங்கையில் தட்டையாகத் தட்டினாள். காய்ந்த காலை அதில் வைத்து அழுத்தினாள். எடுத்தாள்.

மூன்று விரல் தடம்.

"இது நம்ம நரி" என்றாள்.

தவசி சிரித்துவிட்டான். "நரியில என்னக்கா நம்ம நரி, அசலூர் நரி?"

"ஆடு கலந்துட்டா உன் ஆட்டை எப்படிக் கண்டுபிடிப்பே?"

"காதுல வெட்டு இருக்குல்ல."

"இதுக்குக் கால்ல இருக்கு. வா."

கிழக்கு வரப்புக்குக் கூட்டிப்போனாள். தை மாசம் அறுவடை முடிந்த கையோடு ஈரமாக இருந்த மண் அது. இப்போது கல்லாக இறுகிக் கிடந்தது. அதில் தடங்கள் அப்படியே இருந்தன. மூன்று விரல். பக்கத்தில் நாலு விரல். மறுபடி மூன்று.

"இது எங்கே போகுது?"

தவசி குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தான். சோணமுத்து பின்னால் நடந்தான். தடம் வரப்போடு போனது. மூலையில் ஒரு கல். கல்லின் மேல் நரியின் காய்ந்த விட்டை. அங்கிருந்து தெற்கு வரப்பு. மறுபடி ஒரு கல், மறுபடி விட்டை.

"சுத்திப் போகுதுக்கா."

"உள்ளே?"

தவசி தேடினான். திரும்பி வந்து தேடினான்.

"உள்ளே இல்லை."

"விட்டையை உடைச்சுப் பாரு."

தவசி குச்சியால் உடைத்தான். நண்டு ஓடு. எலி மயிர். மறுபடி நண்டு ஓடு.

அவள் மேற்கு ஓரத்துக்கு நடந்தாள். கரையிலிருந்து கசிந்த தண்ணீரில் மண் நசநசவென்று இருந்தது. அதில் புதுத் தடங்கள். இரண்டு நரி, ஒருவேளை மூன்று. நாலு காலிலும் விரல் முழுசாக இருந்தது. தார் ரோட்டுப் பக்கமிருந்து வந்திருந்தன. வரப்பை ஒட்டி நடக்கவில்லை. வரப்பைத் தாண்டி நேரே, குட்டிகளைக் கவிழ்த்து மூடும் ஓலைக் கூண்டு வரைக்கும் வந்திருந்தன.

கூண்டின் ஓரம் கிளறிக் கிடந்தது.

செவலை ஆடு இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"இதுக இத்தனை வருஷம் ஏன் வரலே?" என்றான் தவசி. சிரிப்பு போயிருந்தது.

அரியநாச்சி பனைமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பத்தான் வீடு காலின்னு போர்டு மாட்டி வச்சிருக்கீக."

தவசி அண்ணாந்து பார்த்தான். காற்றில் நரி மெல்லச் சுற்றியது.

அவன் மூட்டையிலிருந்து அரிவாளை உருவினான். மரத்தடிக்குப் போய்க் கயிற்றை அறுத்தான். நரியைக் கீழே விழ விடவில்லை. கையில் வாங்கி இறக்கினான்.

"பங்குனி அமாவாசை வரைக்கும் இருந்து பாக்குறேன்" என்றான், யாரையும் பார்க்காமல். "நாய் ரெண்டு கொண்டாறேன். அந்த மேற்கு ஓரத்துக்கு முள்ளு வெட்டிப் போடணும். அதுக்கு மேல என்னால ஆகாது. என்ன மச்சான், சரியா?"

தவசி திரும்பிப் பார்த்தான்.

சோணமுத்து வரப்பில் ஓடிக்கொண்டிருந்தான்.

அறுபதை நெருங்கும் ஆள் அப்படி ஓடக் கூடாது. தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. எடுக்கவில்லை. கரைச் சரிவில் கையை ஊன்றி ஏறினான். பழைய மடையின் முன்னால் முழங்காலில் விழுந்தான்.

களிமண் காய்ந்துபோயிருந்தது. நகத்தால் தோண்டினான். நேற்று மண்ணை அடித்து இறுக்கிய கொட்டுகட்டை அங்கேயே கிடந்தது. அதைப் பார்க்கவே இல்லை. நகம் பிய்ந்தது. உள்ளே சத்தமில்லை.

"ஏய்" என்றான் கல்லைப் பார்த்து. "ஏய். இரு. இரு."

கல்லுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மண்ணைச் சுரண்டியபோது விரல் ஒரு துவாரத்துக்குள் போனது.

கையை எடுத்துப் பார்த்தான்.

விரல் பருமன். உருண்டை. நேராக உள்ளே போயிருந்தது. நண்டு வளை இப்படி நேராகப் போகாது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று. மண் ஈரமாக இருக்கும்போதே போட்ட துவாரங்கள். ஓரம் நன்றாக இறுகியிருந்தது.

குனிந்து மூக்கை வைத்தான். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. நரி வாடை.

தோள் கொடுத்துக் கல்லைப் புரட்டினான். அது சரிவில் உருண்டு போனது. இருட்டில் இரண்டு கண்கள் தெரிந்தன. அதற்குக் கீழே சின்னச் சின்னதாக இன்னும் சில. ஒன்று முனகியது.

அவன் பின்னால் நகர்ந்து, வாசலை விட்டு விலகி உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

அரியநாச்சி கரைமேல் வந்து நின்றாள். கையிலிருந்த மூங்கில் குச்சியின் நுனியில் நேற்றைய களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு மூச்சுக்கு மட்டும் வழி விட்டியாக்கும். அப்பவே நீ திறந்து விட்டிருக்கலாமே தாயி?"

அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நானா அடைச்சேன்?"