கடல் குளிர்ந்த வருஷம்

“எல்லாந்தான் வந்திருச்சே டீச்சர். இன்னும் ‘சரி’ன்னு எழுதாம என்ன யோசனை?” என்று கேட்டார் ஞானதிரவியம்.

சீடருக்கு வயது அறுபது. குரு ஜெய்னம்புவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கடலடியில் வெப்பமானி வைத்து, வருஷம் ஒருமுறை எடுத்து, அது சொன்னது மெய்தானா என்று பார்ப்பது அவள் வேலை. முங்கி வைப்பதும் எடுப்பதும் அவர். பதினோரு வருஷமாக அவளிடம் பாடம் கேட்கிறார். பேரில் மட்டும் ஞானம் இருந்தால் போதாது என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வார்.

ஒரு காலத்தில் சங்கு எடுக்க முங்கியவர். அப்போது கீழே பவளப்பாறை அத்தனை நிறத்திலும் இருந்தது. பிறகு கடல் சூடேறி, பாறை வெளுத்துச் செத்தது. அதை மறுபடி உயிரோடு பார்க்க வேண்டும் என்று அவர் ஏங்காத நாளில்லை.

இந்த வருஷம் கடல் ஒரு டிகிரி குளிர்ந்திருப்பதாக வெப்பமானி சொன்னது. எடுத்து வந்து மூன்று நாளாகிறது. நோட்டில் அந்த இடத்தை ஜெய்னம்பு காலியாக விட்டிருந்தாள்.

“போன வருஷம் சூடுன்னு காட்டுச்சே, அப்ப என்ன செஞ்சீங்கண்ணே?”

நம்பவில்லை என்றார். அன்றைக்கே மீன் கம்பெனிக்கு ஓடி ஐஸ் வாங்கி வந்து, உடைத்துத் தண்ணீரில் போட்டு, அதில் கருவியை முக்கியதைச் சொன்னார். நல்ல கருவி அதில் பூஜ்யம் காட்ட வேண்டும். மூன்று தடவை முக்கினார். மூன்று தடவையும் பூஜ்யம்தான். கருவியில் பிழையில்லை, கடல்தான் சுட்டது.

“இந்த வருஷம்?”

ஒரு வருஷம் கடலில் கிடந்த கருவி தடுமாறலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

“தோணலை டீச்சர்,” என்றார். நோட்டில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, “தோணுச்சு. வேணாம்னு இருந்துட்டேன்.”

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தார். அவள் மேசைக்கு அடியிலிருந்து ஐஸ் பெட்டியை இழுத்து மூடியைத் திறந்தாள்.

உள்ளே வெறும் தண்ணீர்.

“மூணு நாளா நானும் தெனம் வாங்கிட்டுத்தான் வர்றேன்,” என்றாள். “உருக விட்டுர்றேன்.”



ஞானதிரவியம் தண்ணீரை வாசலில் கொட்டினார். காலிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மீன் கம்பெனிப் பக்கம் திரும்பினார்.

“இருங்கண்ணே,” என்று செருப்பை மாட்டினாள் ஜெய்னம்பு. “தனியாப் போனா வழியிலயே உருகிரும்.”