இரண்டாம் முறை கேட்காத துரை

தேயிலைத் தோட்டத்துத் தலைமை எழுத்தர் அருணகிரிக்கு ஆங்கில இலக்கணம் தலைகீழ்ப் பாடம். அவர் பேசினால் கமாகூடக் காதில் விழும். அவருக்குக் கீழே வேலை பார்த்த சுடலைமுத்துவுக்கோ அந்த மொழி நொண்டியடித்துத்தான் வரும்.

சீமைக்குத் திரும்பும் முன் புது மேனேஜரை நியமிக்க, துரை இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"அங்கே வந்து மானத்தை வாங்காதே. ஒரு வார்த்தைக்கு மேல வாயைத் திறந்தே, உன் சீட்டு கிழிஞ்சிடும்" என்றார் அருணகிரி.

"ஒண்ணு போதும்ணே" என்றான் சுடலைமுத்து. துரை எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை என்று அவன் கவனித்து வைத்திருந்தான்.

பதவியை ஏற்கிறீரா என்று துரை முதலில் அருணகிரியைத்தான் கேட்டார். அவர் கைகூப்பி, தமக்கு ஏது அந்தத் தகுதி என்று பிழையற்ற ஆங்கிலத்தில் மறுத்துவிட்டு, வற்புறுத்தலுக்காகக் காத்திருந்தார். துரை வருத்தத்தோடு தலையாட்டிவிட்டுச் சுடலைமுத்துவைக் கேட்டார்.

"எஸ்" என்றான் அவன்.

வெளியே வந்ததும் அருணகிரி அவனை வழிமறித்தார். "என் இங்கிலீஷ்ல என்னடா தப்பு?"

"இங்கிலீஷ்ல தப்பே இல்லைண்ணே. நீங்க மறுத்தது நம்ம ஊர் வழக்கப்படி. அவங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான்."

"தெரிஞ்சும் சொல்லலையே நீ."



மனசு உறுத்தவே, சுடலைமுத்து ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனான். வாசல்வரை வத்தக்குழம்பு மணத்தது.

"சாப்பிடுறியா?" என்றார் அருணகிரி.

"இருக்கட்டும்ணே."

"சரி" என்று சொல்லிவிட்டு, அவர் தம் இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.