மண்டி போடாத வெள்ளத்தாயி

ஆகாசத்துல ஒரு ஊர். சைக்கிள் சக்கரம் மாதிரி வட்டமா, பெருசா, எப்பவும் 'ர்ர்ர்'னு சுத்திக்கிட்டே இருக்கும். சுத்துறதாலதான் அங்க எல்லாத்துக்கும் எடை. ஜனங்க இருந்தது விளிம்புல. நடுவுல தலைவர் சிங்காரவேலர். நடுவுல எடையே கிடையாது. இருபது வருஷமா மிதந்துக்கிட்டே சாப்பிட்டார், மிதந்துக்கிட்டே தூங்கினார். ம் சொல்லு.

விளிம்புல பதினாறு வீட்டுக்கு ஒரே தண்ணித் தொட்டி. சாவி வெள்ளத்தாயி இடுப்புல. தலைவருக்கோ பூந்தோட்டத்துக்கு அந்தத் தண்ணி வேணும். அந்த ஊர் வழக்கம் என்னன்னா, சாவி வச்சிருக்கிறவங்க மண்டி போட்டு, தலைவர் கையிலயே கொடுக்கணும். நின்னுக்கிட்டுக் கொடுத்தா செல்லாது.

ஸ்பீக்கர்ல கேட்டார். "ஏம்மா, மண்டி போடுறியா?"

"பதினாறு வீட்டுப் பிள்ளைங்க எதைக் குடிக்கும்? மாட்டேன்."

தலைவர் சக்கரத்தை ஓட்டுற மெக்கானிக்கிட்ட கத்தினார். "வேகமா சுத்துடா!"

ர்ர்ர்ர்! எடை ஒண்ணரை மடங்காச்சு. அரிசி மூட்டை பலகையை உடைச்சுக்கிட்டு 'தொம்'முனு விழுந்துச்சு. வெள்ளத்தாயி தலையில இருந்த பாத்திரத்தை இறக்கி வச்சா. நின்னா.

அப்புறம் ரெண்டு மடங்கு. தோடு காதை இழுத்துச்சு. கழட்டி வச்சா.

"இப்போ?"

"மாட்டேன்."

அப்புறம் மூணு மடங்கு! ஊரே தரையோட படுத்துடுச்சு. பொருளா இருந்தா இறக்கி வைக்கலாம். உடம்பை எங்க இறக்கி வைக்கிறது? முட்டி 'மடக் மடக்'குங்குது. காலை அகட்டி, சுவத்துல கை ஊனி நின்னா.

கீழ கிடந்த அவ நாத்தனார் முனகினா. "போட்டுத் தொலைங்க மதினி!"

"நீ பேசாம படு. நிக்கிறது நான்தானே?"

அப்போ தலைவர் கேமராவுல பார்த்தார். "முட்டி நடுங்குது, விழப்போறா! நானே போய் சாவியை வாங்குறேன்."

மெக்கானிக் தடுத்தார். "ஐயா, வேகத்தைக் குறைச்சுட்டுப் போங்க. கீழ கனம்."

"குறைச்சா அவ நிமிர்ந்துடுவா. கனம் அவளுக்குத்தானடா, எனக்கா?"

லிஃப்ட் இறங்குச்சு. அவர் கால் கனத்துச்சு. அப்புறம் கன்னம் தொங்குச்சு. அப்புறம் கழுத்துப் பதக்கமெல்லாம் ஆளையே முன்னால இழுத்துச்சு. கதவு திறந்ததும் 'பொத்'! இருபது வருஷமா நிக்காத கால், கீரைத்தண்டு மாதிரி மடங்கிடுச்சு. வெள்ளத்தாயி முன்னாடியே மண்டி போட்டுட்டார்.

"எந்திரிங்க ஐயா, நின்னு பேசலாம்."

"முடியலம்மா..."

"அப்போ தொட்டி யாருக்குன்னு சொல்லிட்டு, சக்கரத்தைக் குறைக்கச் சொல்லுங்க. ஊரே கேக்குது."

"உங்களுக்கே! உங்களுக்கே! டேய், குறைடா!"

ர்ர்ர்... ர்ர்... ர்... கனம் இறங்குச்சு. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நின்னாங்க. தலைவருக்குச் சாதா எடையே தாங்கல, அப்படியே கிடந்தார். நாத்தனார் அவரைக் கக்கத்துல கைகொடுத்து, ஒத்த ஆளா தூக்கினா.

"அய்யே, மதினி! ஆளு இவ்வளவு லேசு! இவருக்கா நாம இத்தனை நாளா பயந்தோம்?"

லிஃப்டுல வச்சு, மேல அனுப்பிவிட்டாங்க.

கதை அவ்வளவுதான். உன் இமை ரெண்டும் கனத்துடுச்சு, மூடிக்கோ ராசாத்தி.