கொம்பு யாருக்குச் சொந்தம்

கடலுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் ஜெசிந்தா. வயது முப்பத்து நாலு. அவளிடம் சீடராகச் சேர வந்தவருக்கு அறுபது.

அவர் பெயர் ஆவுடையப்பன். ஊரில் புலவர் என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடம் பெரிய வகுப்புகளுக்கு இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

“எத்தனையோ பேருக்கு யாப்பு சொல்லிக் கொடுத்தேன் டீச்சர். ஒரு பிள்ளைக்கும் ‘அ’ சொல்லிக் கொடுத்ததில்ல. அதைக் கத்துக்காம விடறதா இல்ல.”

“எல்லாரும் ஏணியில கீழ இருந்து ஏறுவாங்க. நீங்க மேல இருந்து ஏற வந்திருக்கீங்க.”

“சிரிக்காதீங்க.”

“சிரிக்கல ஐயா. பிரிஸ்காவ வச்சுக்கோங்க. ஒரு பிள்ளை போதும்.”

பிரிஸ்காவுக்கு ஆறு வயது. அவளுக்கு வாசிக்க வரவில்லை. வருட முடிவுக்குள் வராவிட்டால் மறுபடியும் ஒன்றாம் வகுப்புதான். ஜூனில் அவள் தங்கையும் அதே வகுப்புக்கு வருகிறாள்.

“தங்கச்சி பக்கத்துல உக்கார மாட்டேன்,” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள் பிரிஸ்கா. “அதுக்குப் பதிலா கருவாட்டுக்குக் காக்கா ஓட்டப் போயிருவேன்.”

“உக்கார விடமாட்டேன்,” என்றார் புலவர்.

அன்றிலிருந்து விடவில்லை மனிதர். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மழையானாலும் குடை பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். எழுத்து அட்டவணையைக் காட்டினால் பிரிஸ்கா க, கா, கி, கீ என்று பாட்டாகவே பாடிவிடுவாள். ஓர் எழுத்து பிசகாது. ஆனால் சொல்லைக் காட்டினால் தடுமாறுவாள். மூன்று மாதம் இப்படியே போயிற்று.

ஒருநாள் புலவர் ஒரு தாளோடு ஜெசிந்தாவிடம் வந்தார்.

“நாப்பது சொல்லு கேட்டேன் டீச்சர். பதினேழு சரி. இருபத்து மூணு தப்பு.”

ஜெசிந்தா தாளை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு சரிக்குறியோ பெருக்கல் குறியோ இருந்தது.

“மலைங்கிறதுக்குப் பெருக்கல் போட்டிருக்கீங்க. என்ன வாசிச்சா?”

“தப்பா வாசிச்சா.”

“அதான், என்னன்னு வாசிச்சா?”

புலவர் யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

“வள்ளம் வெறுங்கையா கரைக்கு வந்தா, மீன் இல்லைன்னு சொன்னதும் இங்க யாரும் வீட்டுக்குப் போறதில்ல ஐயா,” என்றாள் ஜெசிந்தா. “வலை எங்க போட்டீங்க, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்துச்சுன்னு நின்னு கேப்பாங்க.”

தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“குறி போடாதீங்க. அவ வாயில வர்றத அப்படியே எழுதிட்டு வாங்க.”

“தப்பையா எழுதச் சொல்றீங்க? நானா?”

“நீங்கதான்.”

புலவருக்குக் கை கூசியது. அறுபது வயதுவரை ஒரு பிழை எழுதாத கை அது. இருந்தாலும் எழுதினார். மலை என்பதை பிரிஸ்கா மைல என்றாள். தலையைத் தைல என்றாள். பறவையைப் பறைவ என்றாள். யானையில், யா என்று சொன்னவள் அடுத்த எழுத்துக்குப் போகாமல் விழித்துக்கொண்டு நின்றாள். மேகத்துக்கு வாயே திறக்கவில்லை.

எழுதி முடித்துத் தாளைப் பார்த்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஜெசிந்தாவின் வகுப்புக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

“டீச்சர்! இந்தப் பிள்ளை வரிசை தவறாமத்தான் வாசிக்குது. கொம்பு லானாவுக்கு முன்னாடி நிக்குதுல்ல, அதை முன்னாடி இருக்கிற மானாவோட சேர்த்துடுது. அதான் மைல. சொல்லோட முதல்லயே கொம்பு வந்தா, அதைச் சேர்க்க முன்னாடி ஆளில்ல. அதான் மேகத்துக்கு வாயடைச்சுப் போகுது. பின்னால ஒலிக்கிறத முன்னால எழுதுறோம். இத்தனை வருஷம் என் கண்ணுல படல!”

“பட்டுடுச்சுல்ல. போய்ச் சொல்லிக் கொடுங்க.”

புலவர் பிரிஸ்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“கொம்பு முன்னாடி நிக்கும். ஆனா, அதுக்குப் பின்னாடி இருக்கிற எழுத்தோட சேர்த்துத்தான் சொல்லணும்.”

“முன்னாடி நிக்கிறத ஏன் சார் முன்னாடி சொல்லக் கூடாது?”

“அது மரபும்மா.”

“மரபுன்னா?”

“பெரியவங்க அப்படித்தான் எழுதுவாங்க.”

“அவங்க ஏன் அப்படி எழுதுனாங்க?”

புலவர் பகல் மணி அடித்ததும் ஜெசிந்தாவிடம் வந்தார்.

“இதுக்கு என்ன டீச்சர் சொல்றது?”

“எனக்குத் தெரியல ஐயா. அவகிட்டயே கேளுங்க.”

“தெரியாததையா அவகிட்டக் கேக்குறது?”

“தெரிஞ்சதயே கேட்டு மூணு மாசம் போச்சே.”

புலவர் முறைத்தார். ஆனாலும் திரும்பிப் போனார். ‘மலை’ என்று சிலேட்டில் பெரிதாக எழுதி, பிரிஸ்காவின் மடியில் வைத்தார்.

“எனக்குத் தெரியலம்மா. நீ சொல்லு. இந்தக் கொம்பு மானாவ ஒட்டி நிக்குது. ஆனா லானாவுக்குத்தான் சொந்தம். அது எப்படி?”

பிரிஸ்கா சிலேட்டைப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கரையில் வள்ளங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன.

“பின்னால நிக்கிற வள்ளத்தோட மூக்கு, முன்னால நிக்கிறத இடிச்சுக்கிட்டுத்தான சார் நிக்குது? அதுக்காக அது முன்னால உள்ள வள்ளத்தோட மூக்காயிருமா?”

“ஆகாது,” என்றார் புலவர்.

“அப்ப இது லானாவோட மூக்கு,” என்றாள் பிரிஸ்கா. கொம்பின்மேல் விரலை வைத்தாள். விரலை எடுக்காமலே வாசித்தாள். “ம… லை. மலை.”

பிறகு அவளே சிலேட்டை அழித்து, “இன்னொண்ணு எழுதுங்க சார்,” என்றாள். அன்றைக்கு அவள் மதியச் சோற்றுக்கு எழுந்து போகவில்லை. அவரையும் போக விடவில்லை.

வெள்ளிக்கிழமை வருட முடிவு வாசிப்புத் தேர்வு. தலைமை ஆசிரியை சிஸ்டர் ஃபிலோமி பதிவேட்டோடு வந்து உட்கார்ந்தார். பிரிஸ்கா எதிரே நின்றாள். புலவர் சுவரோரம் ஒரு குட்டி பெஞ்சில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா வாசலில் நின்றாள்.

சிஸ்டர் அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். தலை. வலை. பறவை. மேகம். யானையில் ஒரு நொடி நின்றாள், பிறகு தாண்டிவிட்டாள். கடைசி அட்டை மழை.

“மளை,” என்றாள் பிரிஸ்கா.

சிஸ்டர் பேனாவை எடுத்தார்.

“கொஞ்சம் பொறுங்க,” என்று எழுந்தார் புலவர். “அப்படின்னா என்ன பிரிஸ்கா?”

“மளை பேஞ்சா அப்பா கடலுக்குப் போக மாட்டாரு. வீட்டுல இருப்பாரு.”

புலவர் சிஸ்டரிடம் திரும்பினார்.

“வாசிச்சுட்டா சிஸ்டர். சரி போடுங்க.”

சிஸ்டர் சிரித்துவிட்டார்.

“யாரு, நீங்களா சொல்றீங்க? கல்யாணப் பந்தியில ‘பளம்’ கேட்டவனுக்கு இலையில பழம் விழாமப் பாத்துக்கிட்ட ஆளு!”

“ஆமா, நாந்தான். ழகரம் நாக்குல வர்றதுக்கு நாளாகும். ரெண்டாம் வகுப்புக்கும் நான் கூடவே வந்து வர வச்சுடறேன். கண்ணு வாசிச்சுடுச்சு சிஸ்டர். ஒரு வருஷம் உக்கார வைக்க நான் விடமாட்டேன்.”

சிஸ்டர் பேனாவைப் பிடித்தபடியே வாசலைப் பார்த்தார்.

“ஜெசிந்தா, நீ சொல்லு. இதுக்கு என்ன போட?”

ஜெசிந்தா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“என்னைய ஏன் கேக்குறீங்க சிஸ்டர்? அவ வாத்தியார்தான் சொல்லிட்டாரே.”