சொட்டு நின்ற வீடு

தேயிலைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த, ஐம்பதைத் தாண்டிய மாசிலாமணி, குன்னூரில் குழாய் வேலை கற்கப் போனார். கற்றுக் கொடுத்த குணவதி அவரைவிட வயதில் மிகவும் இளையவள். அவர் அவளை மேஸ்திரிம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

மழைக்காலம் முழுக்க அவள் பின்னால் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மேடேறினார்.

"எப்பத்தான் என்னைத் தனியா விடுவீங்க மேஸ்திரிம்மா?"

"பழுது எதுன்னு தெரியும்போது."

"அது தெரியாதா? ஒழுகுறதுதான் பழுது."

குணவதி சிரித்தாள்.

ஒரு நாள் காலையில் அவளுக்குக் கை ஓயாத வேலை. மேட்டுத் தெரு வசந்தகோகிலம் டீச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. குளியலறைக் கீசரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம்.

"போயிட்டு வாங்கண்ணே," என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

போன வேகத்தில் திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு சொட்டு இல்ல மேஸ்திரிம்மா! இவ்வளவு கெட்டிக்காரரையா குணவதி பை தூக்க வெச்சிருக்கான்னு டீச்சர் கேக்குறாங்க."

"எங்க சொட்டுச்சு?"

"கீசருக்கு அடியில, அந்தப் பித்தளை மூக்குல. மூடி போட்டு நல்லா இறுக்கிட்டேன்."

குணவதியின் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது.

"சேஃப்டி வால்வையா அடைச்சீங்க? கீசர் ஓடுதா?"

"பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டணும்னு அப்பவே போட்டாங்களே..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. அவள் மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே மாசிலாமணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, குணவதி வாசலிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கியிருந்தாள். எண்ணெய் தடவிய பச்சைக் குழந்தையோடு டீச்சரைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளே கீசர் திம் திம்மென்று இடித்தது. வீட்டுக்குள் யாரோ அடைபட்டுக் கிடப்பதுபோல.

"குழாயைத் திறந்து விடட்டுமா மேஸ்திரிம்மா?"

"அங்கயே நில்லுங்க! வெடிச்சாலும் வெடிக்கும். தானா ஆறட்டும்."

மூன்று பேரும் தோட்டத்தில் நின்றார்கள். குழந்தை கை காலை உதறிச் சிரித்தது. மாசிலாமணியால் அதைப் பார்க்க முடியவில்லை.

இடிச் சத்தம் நின்று நெடுநேரம் கழித்து உள்ளே போனார்கள். கீசரின் அடிப்பாகம் தொப்பை விழுந்ததுபோலப் பிதுங்கியிருந்தது. சூட்டை நிறுத்தவேண்டிய தெர்மோஸ்டாட் கருகிக் கிடந்தது.

"கொதிச்சது தாங்காம அந்த மூக்கு வழியா விட்டுக்கிட்டு இருந்திருக்கு," என்றாள் குணவதி. "நீங்க போட்ட மூடி. நீங்களே கழட்டுங்க."

அவர் ஸ்பானரை வைத்தார். நழுவியது. மறுபடி வைத்தார். மூடி கழன்றதும் சீறிக்கொண்டு வெந்நீர் கொட்டியது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

டீச்சர் குளியலறை வாசலில் நின்று கேட்டாள்: "இதை அடைக்கச் சொன்னது யாரும்மா?"

மாசிலாமணி வாயைத் திறந்தார்.

"நான்தான் டீச்சர்," என்றாள் குணவதி. "புதுசு மாட்டுற வரைக்கும் அடுப்புல வெந்நீர் வைங்க."

இருவரும் மேட்டைவிட்டு இறங்கினார்கள். பாதி வழியில் மாசிலாமணி பையைக் கீழே வைத்தார்.

"நான் அடைச்சதுக்கு நீங்க ஏன் மேஸ்திரிம்மா...?"

"கீசர்ல எங்க சொட்டுதுன்னு கேக்காம அனுப்பினது யாரு?"



"எனக்கு இந்த வேலை வேண்டாம்மா. சாகுற வரைக்கும் பையே தூக்குறேன். தனியா மட்டும் அனுப்பாதீங்க."

குணவதி அந்தப் பித்தளை மூடியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது. அவர் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தாள்.

"காலையில இந்தக் கை நடுங்கலண்ணே. அப்பதான் அனுப்பியிருக்கக் கூடாது. நாளைக்கு நீங்க தனியாப் போங்க."