கேட்டுட்டு வாரேன்

பிரமநாயகம் சர்வே ஆபீசில் முப்பது வருஷம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டவர். சொந்த விஷயம் என்று வந்துவிட்டால் மனிதர் அடியோடு மாறிப்போவார். "கேட்டுட்டு வாரேன்" என்று செங்கமலத்தம்மாவிடம் ஓடுவார்.

அம்மாவுக்குத் தென்காசிக்கு வெளியே சின்னதாக ஒரு ஆசிரமம். வயதில் இவரைவிடப் பத்து வருஷம் இளையவர். ஆனாலும் பதினாலு வருஷமாக அவர்தான் குரு. வீட்டுக்கு என்ன பெயிண்ட் அடிக்க, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா, எல்லாம் அவரைக் கேட்டுத்தான்.

அன்றைக்கு மத்தியானம் பதறியடித்து வந்தார். மகன் குமரேசனுக்கு வயது முப்பத்தொன்று. படித்து முடித்த நாள்முதல் வீட்டோடு இருக்கிறான். வேளாவேளைக்குச் சோறும், தேய்த்த சட்டையும் இருக்குமிடத்துக்கே வந்தால் யார்தான் கிளம்புவார்? எப்படியோ ஓசூரில் ஒரு வேலை அமைந்திருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்குப் பஸ். பையனோ கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, போகவா வேண்டாமா என்று அப்பா முகத்தையே பார்க்கிறான்.

"அனுப்புங்க, அண்ணாச்சி" என்றார் அம்மா.

கும்பிட்டுவிட்டுப் பஸ் நிறுத்தம் வரை போனார். அந்தப் பயலுக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாதே, அங்கே போய் என்ன செய்வான்? திரும்பி வந்து சொன்னார்.

"அப்போ அனுப்பாதீங்க."

மறுபடியும் நிறுத்தம். இந்த வேலையை விட்டால் இன்னொன்று எங்கே கிடைக்கும்? நாளைக்குத் தான் கண்ணை மூடிவிட்டால் இவன் கதி என்ன? மறுபடியும் வந்து நின்றார்.

"சரி, அனுப்புங்க."

பிரமநாயகத்துக்குத் தலை கிறுகிறுத்தது. கோபம்கூட வந்துவிட்டது. "அனுப்புங்கறீங்க, அனுப்பாதீங்கறீங்க. எதும்மா சரி?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "தம்பி என்ன சொல்லுது?"

"அப்பா சொன்னா போறேங்கான்."

"நீங்க?"

"நீங்க சொன்னா அனுப்புறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

அம்மா கீரையை ஓரமாக வைத்தார். முகம் வாடிப்போயிருந்தது. "கேட்டப்பல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, உங்களை நான் கெடுத்துல்லா வச்சிருக்கேன்."

பிரமநாயகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன்மேல்தான் தப்பு என்று குருவே சொன்னால் சீடன் எங்கே போய் நிற்பது? அவருக்கு அழுகை வந்துவிட்டது. மணியோ நாலரை.

"அப்போ இப்ப நான் என்னம்மா செய்ய?"

அம்மா வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார்.

"பதில் நாக்கு நுனியில வந்து நிக்குது, அண்ணாச்சி. சொல்ல மாட்டேன்."